வீட்டிற்கும் ஒரு சுமைதாங்கி

நம் நாட்டின் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களை இன்றும் ஆங்காங்கே காணலாம். இரண்டு கற்களை நட்டு, அவற்றின் மேல் மற்றொரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு நெடுந்தொலைவு நடந்து வருபவர் பிறர் துணையின்றித் தாமே சுமையை இறக்கி வைத்து, சற்று இளைப்பாறி, மீண்டும் தாமே அதைத் தூக்கிச் செல்லத் தக்க உயரத்தில் அக்கல் அமைந்திருக்கும். கருவுற்ற நிலையில் உயிர் நீத்த பெண்ணின் நினைவாக அதனை நடுவது பல ஊர்களில் வழக்கமாக இருந்தது. தன் சுமையை இறக்கி வைக்காமலே மறைந்தவளின் பெயரால் வழிச்செல்வோர் தம் சுமையை இறக்கி வைக்கட்டும் என்பது அதன் கருத்து.

சுமப்பவர் எத்துணை வலியவராயினும் நடுவே இறக்கி வைக்க ஓரிடம் வேண்டும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். இவ்வறிவை நாம் சாலைக்குப் பயன்படுத்தினோம். வீட்டிற்குப் பயன்படுத்த மறந்தோம்.

குழந்தை எவருக்கும் சுமையன்று. அது வீட்டின் செல்வம். ஆயினும் குழந்தையை வளர்க்கும் பணி சுமை நிறைந்தது என்பதை மறைப்பதில் பயனில்லை. அச்சுமையை இறக்கி வைக்க இடமில்லாத வீடுகளில் அது இறுதியில் யார் மீது விழுகிறது? பெரும்பாலும் அவ்வீட்டிலுள்ள மிகச் சிறியவர் மீதே விழுகிறது. பெற்றோரின் களைப்பும் கவலையும் எவ்வாறு பிள்ளைகளுக்குக் கொடுமையாக மாறுகின்றன என்பதையும், அதைத் தடுக்க வீடும் ஊரும் செய்யக்கூடியவை யாவை என்பதையும் இங்கே ஆராய்வோம்.

காலையில் சிரிப்பு, மாலையில் அடி

ஒரு வீட்டை மனத்தில் கொள்வோம். காலை 7 மணி. மூன்று வயதுப் பிள்ளை தட்டில் வைத்த இட்லியைத் தரையில் தள்ளிவிடுகிறான். தாய், “போக்கிரிப் பயலே” என்று சிரித்துக்கொண்டே தரையைத் துடைக்கிறாள்.

அதே நாள் மாலை 7 மணி. வேலைக்குப் போய் வந்த தாய் அடுப்பைப் பற்றவைத்துக் கொண்டிருக்கிறாள். தொட்டிலில் கைக்குழந்தை வீறிட்டு அழுகிறது. வாங்கிய கடனுக்கு மறுநாள் தவணை கட்டியாக வேண்டும், கையில் பணமில்லை. கணவர் இன்னும் வீடு திரும்பவில்லை. எந்த நிலையில் திரும்புவாரோ என்ற அச்சம் வேறு. அந்த நேரம் பார்த்து அப்பிள்ளை குடத்து நீரைக் கவிழ்த்துவிடுகிறான். இம்முறை முதுகில் அடி விழுகிறது. பிள்ளை அழுகிறான். அழுகையை நிறுத்து என்று இன்னோர் அடி. நிறுத்த முடியாமல் தேம்புகிறான். தாயின் கைக்குக் கரண்டி வருகிறது.

காலையில் செய்ததும் மாலையில் செய்ததும் ஏறத்தாழ ஒரே குறும்புதான். பிள்ளையின் வயது மாறவில்லை, குணம் மாறவில்லை. இடைப்பட்ட 12 மணி நேரத்தில் மாறியது தாயின் நிலை ஒன்றே. அப்படியானால் அந்த அடி பிள்ளையின் குற்றத்திற்காக விழுந்தது என்று எவ்வாறு சொல்ல இயலும்? தவணைக்கும், தனிமைக்கும், தூக்கமின்மைக்கும் விழ வேண்டிய அடி பிள்ளையின் முதுகில் விழுந்தது என்பதே உண்மை.

இங்குத் தாயைக் குறிப்பிட்டோம். தந்தைக்கும் இது முற்றிலும் பொருந்தும். நெல் விலை போகாத நாளிலும், வேலை கிடைக்காத நாளிலும், மேலாளரிடம் வசை வாங்கிய நாளிலும் வீட்டிற்கு வரும் தந்தையின் கை, மற்ற நாள்களைவிட எளிதில் ஓங்குவதைப் பலரும் கண்டிருப்பர்.

முருங்கையும் பிள்ளையும்

“ஒடித்து வளர்க்காத முருங்கையும், அடித்து வளர்க்காத பிள்ளையும் உருப்படா” என்ற பழமொழியைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். முருங்கை வளர்ப்போரைக் கேட்டுப் பார்ப்போம். காய்ப்பு ஓய்ந்த பிறகு, பருவம் அறிந்து, எந்த உயரத்தில் வெட்டினால் புதுக்கிளை வரும் என்று பார்த்து வெட்டுவார்கள். கோபம் வந்த நேரத்தில் ஓடிப்போய் முருங்கையை ஒடிப்பவர் எவருமில்லை. ஆனால் பிள்ளைகள் மீது விழும் அடிகளில் பெரும்பாலானவை கோபம் வந்த நேரத்தில் விழுபவை. பருவமும் அளவும் அறிந்து விழும் அடியை நாம் கண்டதில்லை. பழமொழி அடிக்குக் காரணம் ஆவதில்லை. அடித்து முடித்த பிறகு மனத்தைத் தேற்றிக்கொள்ளவே அது பயன்படுகிறது.

“நாங்களும் அடிபட்டு வளர்ந்தவர்கள்தாமே, என்ன கெட்டுப்போனோம்?” என்று பெரியோர் கேட்பதுண்டு. அக்காலத்து வீட்டையும் அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். தந்தை கையை ஓங்கினால் பாட்டி குறுக்கே வந்து பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். சித்தப்பா இருந்தார், அத்தை இருந்தாள், திண்ணையில் எவராவது ஒருவர் எப்போதும் இருந்தார். அன்று பிள்ளைகள் காப்பாற்றப்பட்டதற்குக் காரணம் அடியன்று. அடியைத் தடுத்த கைகளே. இன்று வீடுகள் சிறுத்துவிட்டன. வேலை தேடித் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் ஆண்கள் சென்றுவிட்ட குடும்பங்கள் பல. சாத்திய கதவுக்குள் குறுக்கே வரப் பாட்டி இல்லை.

ஆராய்ச்சியாளர் கண்டவை

பெற்றோரே பிள்ளைகளுக்குத் தீங்கு செய்யக்கூடும் என்பதை மருத்துவ உலகம்கூட நெடுங்காலம் ஏற்க மறுத்து வந்தது. 1962-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் டென்வர் நகரைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஹென்றி கெம்ப் என்பாரும் அவருடைய துணைவர்களும், பெற்றோர் முதலானோரால் கடுமையாக அடிபட்டு மருத்துவமனைக்கு வரும் குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். விழுந்ததால் ஏற்பட்டவை என்று கூறப்பட்ட எலும்பு முறிவுகள் பல அவ்வாறு ஏற்பட்டவை அல்ல என்பதை அது எடுத்துக்காட்டியது. அதன் பிறகே இப்பொருள் பற்றி உலகெங்கும் பேச்சு எழுந்தது.

நம் நாட்டில் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளைக் கண்டு விசாரித்து, 2007-ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. மூன்று குழந்தைகளில் இருவர் உடல் வழியான கொடுமைக்கு ஆளானவர்கள் என்றும், குடும்பத்தினுள் அவ்வாறு துன்புற்றவர்களில் 100-க்கு ஏறத்தாழ 89 பேர் பெற்றோராலேயே துன்புற்றனர் என்றும் அவ்வறிக்கை கூறிற்று. தமிழ்நாடு அந்த 13 மாநிலங்களுள் ஒன்றன்று. எனினும் நம் வீடுகளின் நிலையை நாம் அறியாதவர்கள் அல்லோம்.

பெற்றோரின் மனச்சுமையை அளந்து பார்க்கவும் அறிஞர்கள் முயன்றனர். ரிச்சர்ட் அபிடின் என்னும் அமெரிக்க உளவியலார் 1983-இல் வெளியிட்ட வினாத்தொகுப்பு பல நாடுகளில் பயன்பட்டு வருகிறது. சுமை மூன்று திசைகளிலிருந்து வருகிறது என்பது அதன் அடிப்படை. முதலாவது, குழந்தையின் இயல்பு: ஓயாது அழும் குழந்தை, நோயுற்ற குழந்தை, மாற்றுத்திறன் கொண்ட குழந்தை ஆகியோரை வளர்க்கக் கூடுதலான உழைப்பு தேவை. இரண்டாவது, பெற்றோரின் நிலை: உடல்நலக் குறைவு, மனச்சோர்வு, தனிமை, கணவன் மனைவியரிடையே பிணக்கு. மூன்றாவது, வாழ்க்கைச் சூழல்: கடன், வேலையின்மை, குடி, இருக்க இடமின்மை. மூன்றில் ஒன்று மட்டும் வந்தால் பெரும்பாலோர் தாங்கிக்கொள்வர். மூன்றும் ஒரே வீட்டில் ஒரே மாலையில் கூடும்போதுதான் அபாயம் நேர்கிறது.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகக் கூற விரும்புகிறோம். வறுமை மிக்க வீடுகளில் பிள்ளைகளைக் கண்ணின் மணிபோல் காக்கும் பெற்றோர் எண்ணற்றோர். செல்வம் மிக்க வீடுகளிலும் பிள்ளைகளுக்குக் கொடுமை நிகழ்கிறது. ஆதலின் ஏழைகளைக் குற்றவாளிகளாகக் காண்பது அநீதி. சுமை அபாயத்தை மிகுவிக்கிறது. ஆனால் சுமை உள்ளவர் எல்லாரும் தவறு செய்பவர் அல்லர். அவ்வாறே, சுமை ஒரு காரணமேயன்றி மன்னிப்புச் சீட்டு அன்று. சூடுபட்ட குழந்தைக்கு, சுட்டவரின் கடன் எவ்வளவு என்பது தெரியாது. வலி மட்டுமே தெரியும்.

பச்சிளங்குழந்தையின் அழுகை

பெற்றோரின் பொறுமையை எல்லையளவும் சோதிப்பது கைக்குழந்தையின் அழுகை. இதன் இயல்பை ஒவ்வொரு தாயும் தந்தையும் அறிந்திருத்தல் அவசியம். பிறந்த சில வாரங்களில் அழுகை நாளுக்கு நாள் மிகும். இரண்டாம் மாத அளவில் உச்சத்தை அடையும். மூன்று நான்கு மாதங்களில் பெரிதும் குறைந்துவிடும். மாலை நேரத்தில் மிகுதியாக அழுவதும், என்ன செய்தும் ஓயாமல் அழுவதும் நல்ல உடல்நலமுள்ள குழந்தைகளிடத்தும் உண்டு. அது தாயின் குற்றமும் அன்று. குழந்தையின் பிடிவாதமும் அன்று. அவ்வயதில் பிடிவாதம் என்பது கிடையாது.

இதை அறியாதவர் ஆத்திரத்தில் குழந்தையின் தோளையோ மார்பையோ பற்றிக் குலுக்கிவிடுகின்றனர். இதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. பச்சிளங்குழந்தையின் தலை உடலை நோக்கக் கனமானது. கழுத்துத் தசை வலுவற்றது. வேகமாகக் குலுக்கும்போது மூளை மண்டையோட்டினுள் முன்னும் பின்னும் மோதி, இரத்தக் குழாய்கள் அறுபடுகின்றன. சில நொடிகள் குலுக்கியதால் கண் பார்வையை இழந்த குழந்தைகளும், வாழ்நாள் முழுவதும் முடங்கிய குழந்தைகளும், உயிரையே இழந்த குழந்தைகளும் உண்டு. வெளியில் ஒரு கீறலும் தெரியாமல் இவ்வளவும் நேரக்கூடும்.

அழும் குழந்தைக்குப் பசியா, ஈரமா, காய்ச்சலா, எறும்பு ஏதேனும் கடித்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். தோளில் சாய்த்துத் தட்டிக்கொடுக்கலாம். தொட்டிலை மெல்ல ஆட்டலாம். இவ்வளவும் செய்த பின்னும் அழுகை நிற்காமல் நமக்கு ஆத்திரம் மூளுமாயின், குழந்தையைத் தரையில் விரித்த பாயிலோ தொட்டிலிலோ பத்திரமாக மல்லாக்கக் கிடத்திவிட்டு, வாசலில் போய்ச் சற்று நேரம் நிற்பதே அறிவுடைமை. முகம் கழுவலாம், பக்கத்து வீட்டாரை அழைக்கலாம். சில நிமிடம் அழுவதால் குழந்தைக்குக் கேடு ஒன்றுமில்லை. ஆத்திரம் தணிந்த கையோடு மீண்டும் எடுக்க வேண்டும். காய்ச்சல், வாந்தி, பால் குடிக்க மறுத்தல் ஆகியவை இருப்பின் தாமதியாமல் ஆரம்ப சுகாதார நிலையம் செல்ல வேண்டும். தூங்க வைப்பதற்காக இருமல் மருந்தோ வேறு மயக்கப் பொருளோ புகட்டுவது பெருந்தவறு.

தாய்வீடு காட்டும் வழி

நம் சமூகத்தில் தலைப்பிரசவத்திற்குப் பெண் தாய்வீடு செல்வது வழக்கம். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையுடன் திரும்புவாள். இதனைச் சடங்கு என்று மட்டும் எண்ணுதல் கூடாது. அழுகை உச்சத்தில் இருக்கும் மாதங்களில் தாய் உறங்கவும், பிறர் குழந்தையை ஏந்தவும் ஏற்ற அருமையான ஏற்பாடு அது. ஆனால் இரண்டாம் பேற்றுக்குப் பல பெண்கள் தாய்வீடு செல்வதில்லை. சென்றாலும் விரைவில் திரும்பிவிடுகின்றனர். அப்போது வீட்டில் முதற்குழந்தை வேறு இருக்கிறது. சுமை இரட்டிக்கும் காலத்தில் துணை இல்லாமற் போகிறது. ஆதலின் இரண்டாம் பேறு, மூன்றாம் பேறு கண்ட தாயை ஊரார் சிறப்பாகக் கவனிக்க வேண்டும்.

பேற்றுக்குப் பின் சில தாய்மாருக்கு மனச்சோர்வு நோயாகவே வருவதுண்டு. காரணமின்றி அழுதல், குழந்தையிடம் பற்றின்மை, உறக்கமின்மை, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் ஆகியன இதன் அறிகுறிகள். இதைப் பேய் என்றோ சோம்பல் என்றோ கூறிப் பழித்தல் கூடாது. இது மருத்துவத்தால் குணமாகக்கூடியது. கிராம சுகாதாரச் செவிலியரிடம் தயங்காமல் கூற வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.

வீடு தேடி வந்த செவிலியர்

வெளியிலிருந்து வரும் துணையினால் உண்மையில் பயன் உண்டா என்று கேட்கலாம். இதற்கு விடையளிக்கும் சோதனை ஒன்று அமெரிக்காவில் நடந்தது. நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா என்னும் சிற்றூர்ப் பகுதியில், டேவிட் ஓல்ட்ஸ் என்பார் 1977-இல் ஒரு பணியைத் தொடங்கினார். முதன்முறை கருவுற்றிருந்த சுமார் 400 பெண்கள் அதில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் பலர் ஏழைகள், இளம் வயதினர், துணையற்றவர்கள். அவர்களில் ஒரு பகுதியினர் வீட்டிற்கு, கருவுற்ற காலம் முதல் குழந்தைக்கு இரண்டு வயது நிறையும்வரை செவிலியர் முறையாகச் சென்று வந்தனர். அவர்கள் அதட்டவில்லை, குற்றம் காணவில்லை. தாயின் உடல்நலத்தை விசாரித்தனர்; குழந்தையின் இயல்பை விளக்கினர்; உறவினரைத் துணைக்கு வரச் செய்தனர். 15 ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்தபோது, செவிலியர் சென்று வந்த குடும்பங்களில் குழந்தைகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமையும் புறக்கணிப்பும் பற்றிய பதிவுகள், செல்லாத குடும்பங்களைவிட ஏறத்தாழப் பாதியளவு குறைந்திருந்தன.

இன்னொன்றும் அப்போது தெரிய வந்தது. கணவனோ துணைவனோ பெண்ணை அடிக்கடி அடித்துவந்த வீடுகளில் இப்பயன் காணப்படவில்லை. இது நாம் ஆழ்ந்து எண்ண வேண்டிய செய்தி. மனைவி அடிபடும் வீட்டில் பிள்ளைக்கு மட்டும் பாதுகாப்புத் தேடுவது, ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவதை ஒக்கும். பெண்களைக் குடும்ப வன்முறையிலிருந்து காக்கும் சட்டம் 2005-இலேயே இயற்றப்பட்டுவிட்டது. 181 என்னும் பெண்கள் உதவி எண்ணும் உள்ளது. தாயைக் காப்பதும் பிள்ளையைக் காப்பதும் ஒரே பணியின் இரு கைகளாகும்.

எல்மைராவில் புதிதாகச் செய்து பார்த்ததற்கு வேண்டிய அடித்தளம் நம் ஊர்களில் முன்னரே இருக்கிறது. 1975 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணியின் வழியாக அங்கன்வாடிகள் அமைந்தன. கிராம சுகாதாரச் செவிலியர் வீடுவீடாகச் செல்கிறார். எடையும் தடுப்பூசியும் குறித்துக்கொள்ளும்போது, “உனக்குத் தூக்கம் எப்படி, அம்மா? வீட்டில் உதவிக்கு யார் இருக்கிறார்கள்?” என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்பதற்குத் தனித்திட்டம் ஏதும் வேண்டுவதில்லை.

அடையாளம் காண்பது எவ்வாறு?

ஓடியாடும் பிள்ளைக்கு முழங்காலிலும் முழங்கையிலும் நெற்றியிலும் காயம் படுவது இயல்பு. காது, கழுத்து, முதுகு, வயிறு ஆகிய இடங்களில் கன்றிய தழும்பு காணப்படின் ஐயுற வேண்டும். தவழவே தொடங்காத குழந்தையின் உடலில் கன்றல் இருப்பின் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கரண்டியின் வடிவிலோ, பெல்ட்டின் வடிவிலோ தழும்பு இருத்தல். கேட்கும்போதெல்லாம் வேறு வேறு காரணம் கூறுதல். பெரியவர் கையை உயர்த்தினாலே பிள்ளை முகத்தை மறைத்துக்கொள்ளுதல். பள்ளி விட்டும் வீட்டிற்குச் செல்ல அஞ்சுதல். எந்நேரமும் பசியோடும் அழுக்கோடும் இருத்தல் ஆகியனவும் கவனிக்கத் தக்கவை. தண்டனை என்ற பெயரால் சூடு வைப்பதும், மிளகாய் நெடி காட்டுவதும், இருட்டறையில் பூட்டுவதும் கண்டிப்பு ஆகா, அவை கொடுமையே. “நீ பிறந்ததே பாவம்” என்று நாள்தோறும் சொல்வதும் கொடுமையே. தழும்பு தோலில் விழாமல் நெஞ்சில் விழுகிறது என்பதே வேற்றுமை. ஓயாத அச்சத்தில் வளரும் குழந்தையின் மூளை வளர்ச்சியும் கற்கும் திறனும் குன்றுகின்றன. அப்பிள்ளை வளர்ந்து பெற்றோர் ஆகும்போது, தான் கற்ற ஒரே முறையையே தன் பிள்ளையிடமும் கையாள நேரிடுகிறது. அடிபட்டவர் அனைவரும் அவ்வாறு ஆவதில்லை. அன்பு காட்டிய ஒரு பெரியவர் வாழ்வில் இருந்தால்கூடப் பலர் மாறிவிடுகின்றனர். அந்த ஒருவராக ஆசிரியரோ, அண்டை வீட்டாரோ, தாய்மாமனோ இருக்கலாம்.

ஊர் செய்யக்கூடியவை

மகளிர் சுய உதவிக் குழுக்கள் நம் மாநிலத்தில் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கி எங்கும் பரவின. சேமிப்புக்கும் கடனுக்கும் கூடும் அக்குழுக்கள் இன்னும் ஒரு சேமிப்பையும் தொடங்கலாம். அது நேரச் சேமிப்பு. கைக்குழந்தை உள்ள உறுப்பினருக்காக மற்றவர் முறைவைத்து, வாரத்தில் சில மாலைகள் ஒரு மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம். அந்த ஒரு மணியில் தாய் உறங்கட்டும், குளிக்கட்டும், வெறுமனே உட்கார்ந்திருக்கட்டும். இதற்குப் பணச்செலவு இல்லை. தவணை கட்ட இயலாத உறுப்பினரைக் கூட்டத்தில் நிறுத்தி வைத்துப் பேசுவதற்கு முன், அந்தச் சொற்கள் அன்று மாலை யார் முதுகில் போய்ச் சேரும் என்பதையும் குழுவினர் எண்ணிப் பார்ப்பது நன்று.

தந்தையர்க்கும் பங்குண்டு. பிள்ளையை ஏந்துவது பெண்களின் வேலை என்னும் எண்ணம் நீங்க வேண்டும். மாலையில் அரை மணி நேரம் தந்தை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால், அவ்வீட்டில் விழவிருந்த பல அடிகள் விழாமற் போகும்.

பெற்றோருக்கு ஒரு சிறிய முறையைச் சொல்வோம். பிள்ளையைத் தண்டிக்கத் தோன்றும்போது, “இதே தவறைக் காலையில் செய்திருந்தால் அடித்திருப்பேனா?” என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். இல்லை என்பது விடையானால், தண்டனைக்கு உரியது பிள்ளை அன்று. இளைப்பாறல் தேவைப்படுவது பெற்றோருக்கு. கண்டிப்பு வேண்டாம் என்று நாம் கூறவில்லை. கொட்டியதைப் பிள்ளையையே துடைக்கச் செய்யலாம். விளையாட்டை அன்றைக்கு நிறுத்தலாம். நல்லது செய்தபோது மனமாரப் பாராட்டலாம். அடித்துவிட்டோமாயின், “அம்மா கோபத்தில் அடித்துவிட்டேன்; அது தவறு” என்று பிள்ளையிடம் கூறுவதில் சிறுமை இல்லை. அதனால் பெற்றோரின் மதிப்பு உயருமேயன்றிக் குறையாது.

சட்டமும் உதவியும்

ஒரு வீட்டில் குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தபின், “அவர்கள் வீட்டு விவகாரம், நமக்கென்ன?” என்று இருப்பது தகாது. 1989-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையில் 1992-இல் நம் நாடும் இணைந்தது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளில் உடல் தண்டனையையும் மனத்தைப் புண்படுத்துதலையும் தடை செய்கிறது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, தம் பொறுப்பிலுள்ள குழந்தைக்குக் கொடுமை இழைப்பவருக்கு 3 ஆண்டு வரை சிறையோ, 1 இலட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க வகை செய்கிறது. பெற்றோரும் இதற்கு விலக்கல்லர்.

கட்டணமின்றி இரவும் பகலும் அழைக்கத் தக்க எண் 1098. இது 1996-இல் மும்பையில் தொடங்கி நாடெங்கும் பரவியது. குழந்தையும் அழைக்கலாம்; பெரியவரும் அழைக்கலாம். ஊராட்சி அளவில் அமைக்கப்பெறும் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவிடமும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் தெரிவிக்கலாம். தாமே செய்துவிடுவோமோ என்று அஞ்சும் பெற்றோரும் உதவி கேட்கலாம். அது வெட்கத்திற்குரியதன்று, வீரத்திற்குரியது. உயிருக்கு ஆபத்தான நிலையில் காலம் தாழ்த்தாமல் 112-ஐ அழைக்க வேண்டும்.

சட்டம் பெரும்பாலும் அடி விழுந்த பின்னரே வர இயலும். அடி விழுமுன் வரக்கூடியவர் அண்டை வீட்டார் ஒருவரே. சுவருக்கு அப்பால் மாலையில் குழந்தை ஓயாது அழும் ஒலி கேட்டால், சண்டைக்குப் போக வேண்டியதில்லை. அறிவுரைக்கும் போக வேண்டியதில்லை. கதவைத் தட்டி, “குழந்தையைக் கொஞ்ச நேரம் என்னிடம் கொடு, தாயி, நீ அடுப்பைப் பார்” என்று சொன்னால் போதும். கரண்டி அடுப்பிற்கே திரும்பிவிடும்.

சாலையில் சுமைதாங்கி நட்டவர்கள், சுமப்பவர் யார், அவர் நல்லவரா, வலியவரா என்று கேட்கவில்லை. இறக்கி வைக்க ஓரிடம் வேண்டும் என்று மட்டுமே எண்ணினார்கள். நம் ஊரில் குழந்தை அழும் வீடு ஒவ்வொன்றுக்கும் அவ்வாறு ஓரிடம் அண்டையிலேயே இருக்குமாறு செய்வோமாக.